பழைய படம் சொல்லும் காலம்

சாலையோரக் கார் ஒன்றின் பழைய புகைப்படத்தில் நாம் முதலில் காண்பது காரைத்தான். பின்னணியைப் படிக்கத் தெரிந்தால் காலமும் புலப்படும்.

கடைப் பலகையில் விலை அணாக்களில் இருந்தால், தசம நாணயம் அறிமுகமான 1957 ஏப்ரலுக்கு முந்தைய படமாகலாம். மாருதி 800 தென்பட்டால், 1983 டிசம்பருக்குப் பிந்தையது. பதிவெண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து வட்டார அலுவலக எண் இருந்தால், பெரும்பாலும் 1989 ஜூலைக்குப் பிந்தையது.

ஆனால், காரின் அருகே நிற்பவர் யார், கார் எவருடையது என்பதை எந்தப் பலகையும் சொல்லாது. கார் வாங்க முன்பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அந்நாளில், பிறர் காரின் அருகே நின்று படமெடுத்துக்கொண்டோரும் உண்டு. இவற்றை அறிந்தவர்கள் வீட்டு மூத்தோரே. அவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடக்கூடும்.