தொட்டுக்க மட்டுமா காய்?

"இன்னிக்குத் தொட்டுக்க என்ன?" மதுரையில் எங்கள் வீட்டில் தினமும் மத்தியானம் கேட்கும் குரல் இது. உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதேதான் கேட்கும். சோறுதான் சாப்பாடு, காய் அதற்குத் தொட்டுக்கொள்ள என்பதை அந்த ஒரு வார்த்தையே முடிவு செய்துவிடுகிறது. தொட்டுக்கொள்ள எவ்வளவு வேண்டும்? ஒரு கரண்டி. அந்த ஒரு கரண்டியை மூன்றாக்குவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. இதற்காகப் புதுப் பதார்த்தம் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தெரிந்த சமையலில் அளவை மாற்றினால் போதும்.

முதலில் எடை போடுங்கள்

ஒரு வாரம் எதையும் மாற்றாமல், வழக்கம்போல் சமையுங்கள். ஆனால் அடுப்படிக்குப் போகும் காய், கீரை, பழம் எல்லாவற்றையும் எடை போட்டு நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். தராசு இல்லையென்றால் கடையில் வாங்கிய எடையே போதும். கால் கிலோ பீன்ஸ் வாங்கிப் பொரியல் செய்து நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு அறுபது கிராம் சொச்சம். அன்றைக்குச் சாம்பாரில் ஒரு முருங்கைக்காய் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம். (முருங்கைக்காய் எடையில் ஏமாற்றும். பாதிக்கு மேல் சக்கையாக இலையோரத்துக்குப் போகிறது.)

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம் என்று இருக்கிறது. அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்தே 250 கிராம்தான். இவை சமைக்காத எடைகள். உலகச் சுகாதார நிறுவனம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம். ஆனால் உருளைக்கிழங்கையும் மரவள்ளியையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. அங்கேதான் நமக்கு உதைக்கிறது.

நாலு பேர் வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ! எங்கள் வீட்டு முதல் வாரக் கணக்கு 700 கிராமைத் தாண்டவில்லை, அதிலும் உருளைக்கிழங்கைக் கழித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இப்போது ஒன்றரைக் கிலோவில் நிற்கிறது. இரண்டு கிலோவைத் தொடுவது வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவ்வளவு தேவையும் இல்லை.

ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். திடீரென்று நார்ச்சத்து கூடினால் வயிறு உப்பிக்கொண்டு, "காய் எனக்கு ஒத்துக்கலை" என்று யாராவது தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். வாரத்துக்கு ஆளுக்கு ஐம்பது கிராம் வீதம் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் கீரையையும் பழத்தையும் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது கட்டாயம். சர்க்கரை உள்ளவர்கள் பழத்தின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தை

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. விவசாயிகளே நேரடியாக விற்பதால் கீரை அன்று காலையில் பறித்ததாகக் கிடைக்கும். உங்கள் ஊரில் எந்தச் சந்தையோ, வாரத்துக்கு இரண்டு முறை போங்கள். ஒரே முறை வாங்கிக் குவித்தால் கீரையும் வெண்டையும் மூன்றாம் நாளே முகம் வாடிவிடும். நான் ஞாயிறும் புதனும் போகிறேன். முதன்முதலாக ஆறு கிலோ வாங்கிய அன்று கீரைக்கார அம்மா கேட்டார்: "என்னம்மா, வீட்ல விசேஷமா?"

காசுக்குக் கட்டுப்படியாக வேண்டுமானால் நாட்டுக்காயைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேரட், பீன்ஸ், பீட்ரூட், காலிஃபிளவர் என்ற இங்கிலீஷ் காய்கள் மலையிலிருந்து இறங்கி வருபவை, மழை கொஞ்சம் கூடினாலும் விலை எகிறும். சுரை, பூசணி, புடலை, பீர்க்கை, கொத்தவரை, வாழைத்தண்டு இவையெல்லாம் பெரும்பாலும் மலிவு. சுரைக்காய் ஒன்று வாங்கினால் ஒரு கிலோ கணக்கு ஒரே அடியில் ஏறிவிடும்.

வாங்கி வந்ததைச் சமைக்கும் வரிசையும் முக்கியம். முதல் இரண்டு நாள் கீரை, வெண்டை, பீர்க்கை. அப்புறம் கத்தரி, அவரை, புடலை. கடைசிக்கு முட்டைக்கோஸ், கேரட், பூசணி, வாழைக்காய், சேனை. கீரையைக் கழுவாமல், வேரை மட்டும் நறுக்கிவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் அழுகும்.

யார் நறுக்குவது?

வீட்டில் காய் செலவாகாததற்குப் பிள்ளைகளின் நாக்கைக் குறை சொல்கிறோம். காலை ஆறு மணிக்கு அரிவாள்மனை முன்னால் உட்கார ஆள் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. ஒன்றரைக் கிலோ காய் நறுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒரே ஆளின் தலையில் அதைக் கட்டிவிட்டு "நிறைய காய் சாப்பிடணும்" என்று பேசுவது அநியாயம். ஆகவே இந்த வழிகாட்டியின் மிக முக்கியமான படி இதுதான்: நறுக்கும் வேலையை இரவுக்கு மாற்றுங்கள், எல்லோருக்கும் பங்கு போடுங்கள்.

எங்கள் வீட்டில் ராத்திரி டிவி ஓடும்போது நடுக்கூடத்தில் தாம்பாளம் வந்துவிடும். அவரைக்காய்க்கு நார் உரிப்பது சின்னவள். பீன்ஸ் நறுக்குவது அவள் அப்பா, துண்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும், நான் வாய் திறப்பதில்லை. வாழைப்பூ மட்டும் என் பொறுப்பு. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஒவ்வொரு பூவிலும் கள்ளனை உருவிவிட்டு, நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போட வேண்டும். அதை மாதம் இரண்டு முறைக்கு மேல் செய்ய எனக்குத் தெம்பில்லை.

கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கிய பின் கழுவ வேண்டாம். வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து போய்விடும். இரவே நறுக்கி வைத்தாலும் கொஞ்சம் சத்து போகத்தான் செய்யும். ஆனால் நறுக்க நேரமில்லாமல் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் அழுகும் காயை நினைத்துப் பாருங்கள். மூடிய டப்பாவில் குளிரில் வைத்து, மறுநாள் காலையிலேயே செலவழித்துவிடுங்கள்.

சாம்பார், கூட்டு, கீரை

நாலு பேருக்கான சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுவோம். காய் அதிகம் போனால் 150 கிராம். இதை 400 கிராமாக்குங்கள். சாம்பார் என்ற பெயரும் மாறாது, ருசியும் கூடும். ஆனால் சும்மா கொட்டினால் குழைந்து போகும். சில சூட்சுமங்கள் உண்டு.

காயைப் பருப்போடு குக்கரில் வைக்காமல் தனியாக வேகவிடுங்கள். பிள்ளைகள் ஒதுக்குவது பெரும்பாலும் காயின் ருசிக்காக இல்லை, கொழகொழவென்று இருப்பதற்காக. முக்கால் வேக்காடு வந்த பிறகு புளிக்கரைசல் விடுங்கள். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் காய் சீக்கிரம் வேகாமல் அடம்பிடிக்கும். பூசணி, முள்ளங்கி, சௌசௌ போன்றவை தாமே தண்ணீர் விடும், அதனால் வழக்கத்தைவிட ஒரு டம்ளர் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம். பொடி அரைக் கரண்டி கூடுதலாக வேண்டியிருக்கும். ஒரே காயை 400 கிராம் போடுவதைவிட இரண்டு மூன்றைச் சேர்ப்பது நல்லது. முருங்கையும் கத்தரியும் மாங்காயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பூசணியோடு வெண்டைக்காய் சேர்த்தால், வெண்டையை எண்ணெயில் வதக்கிவிட்டுப் போடுங்கள்.

கூட்டுதான் எடைக் கணக்கில் பெரிய வள்ளல். 100 கிராம் பாசிப்பருப்புக்கு 600 கிராம் புடலங்காய் அல்லது சுரைக்காய் தாராளமாகத் தாங்கும். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துவிட்டால் ஆச்சு. காய் சுருங்கும் என்பதால் உப்பைக் கடைசியில் போடுங்கள். பச்சையாக இருக்கும்போது பாத்திரம் நிறைந்து தெரிவதைப் பார்த்து உப்பு போட்டுக் கரித்த கதை என்னிடம் நிறைய உண்டு. பல் இல்லாத பெரியவர்களுக்குப் பொரியலைவிடக் கூட்டு கும்பிடத் தகுந்தது.

கீரை மூன்று கட்டு கடைந்தாலும் ஒரு கிண்ணம்தான் வரும். ஆகவே கீரை நாளில் கஞ்சத்தனம் வேண்டாம். கடைசலில் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விடுவது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை, கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டினை உடம்பு ஏற்க எண்ணெய்ப் பசை வேண்டும். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அது கெட்டுவிடும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். இதில் நான் இன்னும் தேறவில்லை.

இட்லி தோசையில் காய் எங்கே?

காலையிலும் இரவிலும் டிபன் சாப்பிடும் வீட்டில், மத்தியானம் ஒரு வேளையில் மட்டும் முழுக் கணக்கையும் தீர்க்க முடியாது. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் காய்ச் சட்னிக்கு மாறுவதே வழி. முட்டைக்கோஸ் 300 கிராம், ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, நாலு வரமிளகாய், கொட்டைப்பாக்களவு புளி. பருப்பையும் மிளகாயையும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் கோஸைப் பச்சை வாசனை போக வதக்குங்கள். ஆறியதும் கொஞ்சம் தேங்காய், உப்பு, புளி சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, கடுகு தாளியுங்கள். முட்டைக்கோஸ் என்று சொல்லாதவரை யாரும் கண்டுபிடிப்பதில்லை. ஆளுக்கு 75 கிராம் காலை எட்டு மணிக்கே உள்ளே போய்விட்டது. இதே மாதிரி சௌசௌ, கேரட், பீர்க்கங்காய். பீர்க்கங்காயில் தோலைத் துவையலுக்கும் சதையைக் கூட்டுக்கும் பிரித்துக்கொள்ளலாம், இளசாக இருக்க வேண்டும்.

சிதம்பரத்துக்காரர்கள் இட்லிக்கும் பொங்கலுக்கும் கத்தரிக்காய் கொத்சு வைக்கிறார்கள். தட்டில் சட்னி ஒரு பொட்டு அளவில் இருக்கும், கொத்சு குளம் மாதிரி நிற்கும். வாரம் ஒரு நாள் அவர்கள் வழியில் போகலாம். அடை மாவில் முருங்கைக்கீரை இரண்டு கை அள்ளிப் போடுங்கள். ரவா கிச்சடிக்கு ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டு டம்ளர் காய்.

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுக்கு ஒரே யோசனை. பெரிய டப்பாவில் சோறும் சின்ன டப்பாவில் காயும் வைக்கிறோம் இல்லையா? இரண்டையும் மாற்றி வைத்துப் பாருங்கள். குழம்பு ஒழுகும் என்று பயந்தால் உசிலி, பொரியல் மாதிரி உலர்ந்தவையாகக் கொடுங்கள்.

பிள்ளைகளிடம் பேரம் வேண்டாம். "காயைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்" என்றால் காய் தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று நாமே சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. பிடிக்காத காயை ஒரு துண்டு மட்டும் வையுங்கள், சாப்பிடாவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் மறுபடி வையுங்கள். ஒரு காய் பழகப் பத்துப் பன்னிரண்டு முறைகூட ஆகும். எங்கள் சின்னவளுக்குப் பாகற்காய் இன்னும் பழகவில்லை. எனக்குப் பழகியதே முப்பது வயதுக்கு மேல்தான்.

பழம்

முழுதாகக் கூடையில் இருக்கும் பப்பாளி நாலு நாளானாலும் அப்படியே இருக்கும். நறுக்கித் தட்டில் வைத்தால் பத்து நிமிடம் தாங்காது. பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு, பிஸ்கட் டப்பா கண்ணில் படும் முன், தட்டு மேசையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் தந்திரம்.

ஆப்பிள்தான் பழம் என்ற நினைப்பை விடுங்கள். கொய்யாவில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி பல மடங்கு அதிகம், பழனிப் பக்கம் ஆயக்குடியில் மூட்டை மூட்டையாக விளைகிறது. வாழையில் ஒரே வகையைத் தின்று சலிக்காமல் பூவன், கற்பூரவல்லி, நாடன், கிடைத்தால் சிறுமலைப்பழம் என்று மாற்றுங்கள். ஜூஸ் வேண்டாம். சக்கை போய்விடுகிறது, சர்க்கரை மட்டும் வேகமாக இறங்குகிறது, மூன்று சாத்துக்குடி ஒரு டம்ளரில் முடிந்துவிடுகிறது.

சனிக்கிழமை

வாரக் கடைசியில் அரைக் கத்தரிக்காய், ஒற்றை வாழைக்காய், நாலு அவரை, ஒரு துண்டு மாங்காய், வாடத் தொடங்கிய முருங்கைக்கீரை என்று பையின் அடியில் மிச்சம் கிடக்கும். எங்கள் அம்மா திருநெல்வேலி. அங்கே இதற்கென்றே கூட்டாஞ்சோறு இருக்கிறது. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்று டம்ளர் காய். பருப்பு பாதி வெந்ததும் அரிசியையும் கெட்டியான காய்களையும் போட்டு, அவை வெந்ததும் புளித்தண்ணீர், கீரை, தேங்காய், சின்ன வெங்காயம், சீரகம், மிளகாய், மஞ்சள் சேர்த்து அரைத்த விழுது ஆகியவற்றைச் சேர்த்துக் கிளற வேண்டும். கடைசியில் நல்லெண்ணெயில் வடகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அன்றைக்கும் கூடத்திலிருந்து அதே குரல் வரும், "தொட்டுக்க என்ன?" என்று. காய் எல்லாம் சோற்றுக்குள்ளேயே போய்விட்டது. ஆளுக்கு இரண்டு கூழ்வற்றல் பொரித்து வைத்தேன்.