தொற்றுநோய்க் காலத் தனிமையும் தாய்ப்பாலும்

2020ஆம் ஆண்டில் கோவிட்-19 நோய் பரவியபோது, நோயுற்றாரைத் தனிமைப்படுத்துதலே முதற்காப்பு எனக் கொள்ளப்பட்டது. பெரியோர்க்குப் பொருந்திய இவ்விதி அன்று பிறந்த சிசுவுக்கும் பொருந்துமா என்னும் வினா மகப்பேற்று மருத்துவமனைகளில் உடனே எழுந்தது. சீனத்து வல்லுநர்கள் தொற்றுற்ற தாயையும் சேயையும் 14 நாள் பிரித்து வைக்கக் கூறினர். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் ஏப்ரலில் பிரிவையே பரிந்துரைத்து, ஜூலையில் அதனை மாற்றிக்கொண்டது. உலகச் சுகாதார நிறுவனமோ, முகக்கவசம் அணிந்து, கைகளைக் கழுவித் தாய் பால் கொடுக்கலாம் என்றே கூறிவந்தது.

பிரிவினால் நேரும் இழப்பு யாது? இதனை அறியப் பால் சுரக்கும் விதத்தை நோக்க வேண்டும். குழந்தை சப்பும்போது தாயின் பிட்யூட்டரிச் சுரப்பி புரோலாக்டின், ஆக்சிடோசின் என்னும் இரு ஹார்மோன்களை வெளியிடுகிறது. முன்னது பாலை உண்டாக்கும். பின்னது அதனை வெளிப்படுத்தும். மார்பில் பால் தேங்கினால் சுரப்புக் குறையும். இறைக்கும் கிணறே ஊறும் என்று மூதாட்டியர் கூறுவது உடலியலுக்கு முற்றும் ஒத்தது. அச்சமும் வேதனையும் ஆக்சிடோசினைத் தடைசெய்வன. ஆகவே, தனியறையில் கலங்கிக் கிடக்கும் தாய்க்குப் பால் வாராதாயின் அது அவள் குற்றமன்று. சிசுவோ, முதல் நாட்களின் சீம்பாலையும் அதிலுள்ள நோயெதிர்ப் பொருள்களையும் இழக்கிறது. பின்னர்ப் புட்டிப்பால் வருகிறது. தூய நீர் இல்லாத வீட்டில் அதனுடன் வயிற்றுப்போக்கும் வருகிறது.

எடை குறைந்த சிசுவைத் தாயின் மார்போடு அணைத்துப் பேணும் கங்காரு முறை பற்றி 2021இல் ஒரு கணிப்பு வெளியாயிற்று. இம்முறை எங்கும் கிட்டினால் 1,25,000க்கு மேற்பட்ட சிசுக்கள் பிழைக்கும். அதனால் நேரக்கூடிய கோவிட் மரணங்கள் 2,000க்கும் குறைவு என்பது அதன் முடிவு.

வீட்டுத் தனிமையின் பயன் ஒருபடித்தாக இல்லை. விருந்தினர் வாராமையால் ஓய்வு பெற்றுப் பால் நன்கு கொடுத்த தாய்மாரும் உண்டு என்று பிரிட்டனில் அறியப்பட்டது. இடநெருக்கடியும் துணையின்மையும் உற்றோர் விரைவில் பாலை நிறுத்தினர்.

நம் நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதமே. எனவே இக்குறையைக் கொள்ளைநோயின் தலையில் மட்டும் சுமத்துதல் தகாது.

தாய் மிக நலிந்து, பிரிவு தவிர்க்க முடியாததாயின், களப் பணியாளர் செய்யத்தக்கது உண்டு. இரவிலும் விடாது, சுமார் மூன்று மணிக்கு ஒருமுறை, கையால் பாலைப் பீச்சி எடுக்கச் செய்க. இரவில் புரோலாக்டின் மிகுதி என்பதை மறக்கலாகாது. எடுத்த பாலை நலமுள்ள ஒருவர் பாலாடையால் புகட்டலாம். (இச்சொல் ஆங்கில மருத்துவ நூல்களிலும் அப்படியே வழங்குவதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லலாம்.) புட்டியின் ரப்பர்க் காம்பு பழகிய குழந்தை மார்பைப் பற்ற மறுத்தல் கூடும். பால் மாவு டின்களை நன்கொடையாக எவரேனும் கொணர்ந்தால், தாய்மாருக்கு அவற்றை வழங்குவதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதை எடுத்துரைக்க.

பால் நின்றுபோன பின்னும் சுரப்பை மீட்கலாம். குழந்தையை அடிக்கடி மார்பில் சப்பவிட வேண்டும். சில நாட்களோ, சில வாரங்களோ ஆகும். அதுவரை வாரந்தோறும் எடை பார்த்து, நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா என்று தாயிடம் கேட்டுக் குறித்து வருக.