ஒரே பார்ட்டிஷன் போதுமா?

கேள்வி: கேபிள் வழியாக இணைய இணைப்பு தருகிறேன். நெட்வொர்க்கைக் கண்காணிக்க, 500 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லினக்ஸ் சர்வரில் சாபிக்ஸ் நிறுவப்போகிறேன். எல்லாவற்றையும் ஒரே பார்ட்டிஷனில் போடலாமா?
– வாசகர், கீரனூர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேண்டாம். லாக் கோப்புகள் பெருகி இடம் தீர்ந்தால் டேட்டாபேஸும் நின்றுவிடும். அப்புறம் எங்கே லைன் அறுந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

முதலில் கணக்குப் போடுங்கள். 40 கருவிகள், ஒவ்வொன்றிலும் 25 அளவீடுகள், நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 14.4 லட்சம் பதிவுகள். ஒரு பதிவுக்கு ஏறத்தாழ 90 பைட் என்கிறது சாபிக்ஸ் கையேடு. ஆக நாளுக்கு 130 எம்பி, 90 நாளைக்கு 12 ஜிபி. நிகழ்வுகள், சராசரிகள், வளர்ச்சி எல்லாம் சேர்த்து டேட்டாபேஸுக்கு 60 ஜிபி தனியாகக் கொடுங்கள். இயங்குதளத்துக்கு 40 போதும்.

லாக்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் பிறப்பித்த உத்தரவுப்படி 180 நாள் லாக்கை இந்தியாவிலேயே வைத்திருக்க வேண்டும். அதற்கு 150 ஜிபி ஒதுக்குங்கள்.

இந்தப் பகுதிகளை எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) முறையில் அமைத்து, மிச்சத்தை ஒதுக்காமலே விடுங்கள். எந்தப் பகுதி நிறைகிறதோ, சர்வரை நிறுத்தாமலே அதற்குக் கூட்டிக்கொள்ளலாம். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் அமைத்த பகுதியை வளர்க்கலாம், சுருக்குவது எளிதல்ல; அதனால் சிறிதாகவே தொடங்குங்கள். பேக்கப் மட்டும் வேறு கணினியில் இருக்கட்டும்.