‘மெர்ச்சன்டபிள்’ சரக்கு என்றால் என்ன?

பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தப் படிவங்களிலும் வக்கீல் நோட்டீசுகளிலும் ‘மெர்ச்சன்டபிள் குவாலிட்டி’ என்றொரு தொடர் வரும். நம்மில் பலர் அதை ‘நல்ல தரம்’ என்று பொருள் கொண்டு கடந்து போகிறோம். அதன் பொருள் அதுவல்ல. முதல் தரத் துவரம் பருப்பும் மெர்ச்சன்டபிள்தான். மூன்றாம் தரப் பருப்பும், மூன்றாம் தரம் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால், மெர்ச்சன்டபிள்தான். பேச்சு ஆங்கிலத்தில் அதிகம் வழங்காத இந்தப் பெயரடை, நம்மைப் போன்ற வியாபாரிகளின் புழக்கத்திலிருந்து சட்டத்துக்குப் போன சொல். ஆகவே இதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

லத்தீன் மொழியில் ‘மெர்க்ஸ்’ என்றால் சரக்கு. ‘மெர்க்காரி’ என்றால் வாணிபம் செய்தல். அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ‘மெர்ச்சன்ட்’. முற்காலத்தில் அச்சொல் ‘வாங்கி விற்றல்’ என்ற பொருளில் வினைச்சொல்லாகவும் வழங்கியது. அந்த வினையோடு ‘ஏபிள்’ விகுதி சேர்ந்து, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘மெர்ச்சன்டபிள்’ பிறந்தது. வாங்கி விற்கத் தக்கது என்பதே நேர்ப்பொருள். ‘விலைபோகக் கூடிய’ என்று தமிழில் சொன்னால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். மார்க்கெட், காமர்ஸ் எல்லாம் இதே வேரின் கிளைகள். இரக்கம் என்று பொருள்படும் ‘மெர்சி’யும் கூட அப்படித்தான். சரக்குக்கும் இரக்கத்துக்கும் உறவு உண்டென்பதை நம் பற்று நோட்டைப் புரட்டினால் எவரும் ஒப்புக்கொள்வர்!

இச்சொல் சரக்குக்கு மட்டுமே அடைமொழியாக வரும், மனிதருக்கு வராது. எதிர்ச்சொல் ‘அன்மெர்ச்சன்டபிள்’. அமெரிக்கச் சாமான்களின் உத்தரவாதத் தாள்களில் ‘மெர்ச்சன்டபிலிட்டி’ என்று பெயர்ச்சொல்லாகக் காணலாம்.

இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவை இங்கிலாந்தின் வழக்குகள். 1815இல் கார்டினர் என்பவர் கிரே என்பவரிடம் பன்னிரண்டு மூட்டைக் கழிவுப்பட்டு வாங்கினார். வந்த சரக்கு, கழிவுப்பட்டு என்ற பெயரில்கூட விற்க முடியாத நிலையில் இருந்தது. வாங்குபவன்தான் பார்த்து வாங்க வேண்டும் என்ற பழைய விதி அதுவரை ஓங்கி நின்ற காலம். ஆனால் நீதிபதி எல்லன்பரோ பிரபு, சரக்கை நேரில் சோதிக்க வாய்ப்பில்லாத இடத்தில் அந்த விதி செல்லாது, சொன்ன பெயரில் சந்தையில் விலைபோகும் சரக்கையே விற்றவர் தந்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

அடுத்தது 1868ஆம் ஆண்டின் ஜோன்ஸ் - ஜஸ்ட் வழக்கு. நமக்கு மிகவும் பொருந்துவது இதுதான். சிங்கப்பூரிலிருந்து வந்த மணிலா நார்ச் சிப்பங்கள் முன்னொரு கப்பல் பயணத்தில் கடல்நீர் பட்டு நனைந்தவை. பிரித்து, மறுபடி கட்டி அனுப்பப்பட்டவை. விற்றவருக்கு இது தெரியாது. நார் நார்தான்; பெயரில் பொய்யில்லை. குறையைச் சொல்லி ஏலம் விட்டபோது நல்ல சரக்கின் விலையில் முக்கால் பங்குதான் கிடைத்தது. ‘எனக்குத் தெரியாது’ என்பது பதிலாகாது, சரக்கு மெர்ச்சன்டபிள் அல்ல என்றது நீதிமன்றம். நனைந்து உலர்ந்த மல்லி மூட்டையை நாம் கண்டதில்லையா? மேலே பார்த்தால் மல்லிதான். கையில் அள்ளி மோந்தால்தான் கதை தெரியும்.

இந்தத் தீர்ப்புகளின் சாரத்தை இங்கிலாந்து 1893ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்த்தது. அதை ஒட்டி எழுதப்பட்டதே நம் நாட்டின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 16ஆவது பிரிவு, ஒரு வகைச் சரக்கை வழக்கமாக விற்கும் வியாபாரியிடம், பெயரும் வகையும் சொல்லி வாங்கினால், அது மெர்ச்சன்டபிள் ஆக இருக்க வேண்டும் என்கிறது. பில்லில் எழுதாவிட்டாலும் இது பேரத்தில் அடங்கிய நிபந்தனை. இங்கிலாந்து இச்சொல்லைக் கைவிட்டு, 1995 முதல் ‘திருப்திகரமான தரம்’ என்று மாற்றிக்கொண்டது. நம் சட்டத்தில் பழைய சொல்லே நிற்கிறது. அதற்கு விளக்கமும் சட்டத்தில் தரப்படவில்லை. உண்மை நிலை தெரிந்த ஒரு வியாபாரி, அதே பெயரில், விலையைப் பெரிதாகக் குறைக்காமல் வாங்குவாரா என்பதே தீர்ப்புகள் காட்டும் உரைகல்.

சரக்கு கெட்டிருந்தால்தான் குறை என்பதில்லை. 1921இல் இங்கிலாந்தில் 3,000 டப்பா சுண்டிய பால் சம்பந்தமான வழக்கு ஒன்று. அதில் 1,000 டப்பாக்களின் லேபிளில் ‘நிஸ்லி’ என்று இருந்தது. நெஸ்லே கம்பெனி ஆட்சேபித்தது. வாங்கியவர் லேபிளைக் கிழித்து, நஷ்டத்துக்கு விற்க நேர்ந்தது. பாலில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் அந்த லேபிளோடு விற்க முடியாத சரக்கு மெர்ச்சன்டபிள் அல்ல என்று நீதிபதிகள் கருதினர். பிரபல பிராண்டின் சாயலில் வரும் டீத்தூள், சோப்பு பாக்கெட்டுகளை மலிவு என்று வாங்கி அடுக்குவோர் இதை நினைவில் வைக்கவும்.

மறுபக்கமும் உண்டு. மொத்த வியாபாரிகளும் நம் சங்கத்தார்தானே! 1968இல் அங்கே முடிந்த வழக்கில், பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நச்சு இருந்து, அது கலந்த தீவனத்தைத் தின்ற பறவைக் குஞ்சுகள் மாண்டன. ஆயினும் மாட்டுத் தீவனத்துக்கு அது விலைபோகும் என்பதால் மெர்ச்சன்டபிள்தான் என்று தீர்ப்பாயிற்று. வாங்கியவர்கள் வென்றது வேறு வழியில். இன்ன உபயோகத்துக்கு வேண்டும் என்று விற்பவருக்குத் தெரிவித்து, அவர் அனுபவத்தை நம்பி வாங்கினால், சரக்கு அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை. அரிசி இட்லிக்கா, சாப்பாட்டுக்கா என்பதை ஆர்டரிலேயே எழுதுவது இதற்காகத்தான்.

சோதித்துப் பார்த்து வாங்கினால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு புகார் சொல்ல முடியாது. 1919இல் ஒரு வழக்கில், பீப்பாய்களில் இருந்த பசையை வாங்க வந்தவர்கள் நேரமில்லை என்று பீப்பாயின் வெளிப்புறத்தை மட்டும் பார்த்துப் போனார்கள். திறந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லி வழக்குத் தள்ளப்பட்டது. கிட்டங்கிக்குப் போய்விட்டுக் குத்தூசி போடாமல் திரும்புவதைவிட, போகாமலே இருப்பது சட்டப்படி மேல் என்றாகிறது! மாதிரி பார்த்து வாங்குவதற்கு 17ஆவது பிரிவு. மொத்தச் சரக்கும் மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும். மாதிரியில் கண்டுபிடிக்க முடியாத குறையும் இருக்கக் கூடாது. இருவரும் கையெழுத்திட்டுக் கட்டிய மாதிரிப் பொட்டலம் ஒன்று கடையில் இருந்தால் பாதி தகராறு எழாது.

இவ்வளவும் ஏன் சொல்கிறோம் என்றால், மறுவிற்பனைக்காக வாங்குபவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் அல்லர். வண்டு விழுந்த பருப்புக்காக நம்மீது வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதே பருப்புக்காக நாம் மொத்த வியாபாரிமீது அங்கே போக முடியாது. நமக்கு உள்ள முக்கியப் பிடிமானம் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த ஒரு சொல்லும்தான்.

‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சிட்டால் தீர்ந்ததா என்று கேட்பார்கள். வெளிப்படையான உடன்பாட்டாலோ, ஊர் வியாபார வழக்கத்தாலோ இந்த நிபந்தனையை நீக்கலாம் என்கிறது 62ஆவது பிரிவு. ஆனால் அவ்வாசகம் பேரத்தின்போதே ஒப்புக்கொண்டதா, சரக்கு வந்தபின் பில்லில் மட்டும் கண்டதா என்ற கேள்வி எழும். உணவுக் கலப்படத்துக்கோ இத்தகைய வாசகம் எந்தப் பாதுகாப்பும் தராது.

சரக்கு இறங்கியதும் பார்க்கவேண்டும். நியாயமான காலம் கடந்தபின் சொன்னாலோ, சில மூட்டைகளைப் பிரித்து விற்றுவிட்டாலோ சரக்கை ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதன்பின் விலைக்குறைப்போ நஷ்டஈடோதான் கேட்கலாம். வேண்டாம் என்று தள்ள முடியாது. தள்ளுவதானால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வேறு உடன்பாடு இல்லாதவரை, 43ஆவது பிரிவுப்படி ஏற்கவில்லை என்று தெரிவிப்பதே போதும். லாரி வாடகை கொடுத்துத் திருப்பி அனுப்பும் கடமை வாங்கியவருக்குக் கிடையாது.