பூட்டிய பள்ளிக்கு இரண்டு மார்கழி

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளியின் ஆண்டு மலருக்கு 'கொரோனா காலத்தில் எங்கள் பள்ளி' என்றொரு கட்டுரை எழுதும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்திருக்கிறார். நான் 2023இல்தான் மாறுதலாகி இந்தப் பள்ளிக்கு வந்தேன். வருகைப் பதிவேட்டில் 2020 மார்ச்சுக்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஐப்பசி முதல் தை வரை, மழையிலும் பனியிலும் பிள்ளைகள் என்ன செய்தார்கள், பள்ளி எப்படி நடந்தது என்று கேட்டால், "லீவுதானே டீச்சர், அதுல என்னத்த எழுத?" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, யாரைக் கேட்பது, ஐயா?
– ஓர் ஆசிரியை, கூடங்குளம்

பதில்: எழுத நிறைய இருக்கிறது டீச்சர். ஆனால் அதில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்துக்குள் கிடைக்காது.

முதலில் காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பேசும்போது எல்லோரும் 'கொரோனா டைம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். நீங்கள் கேட்கும் மழை, பனிக் காலம் அதற்குள் இரண்டு முறை வந்துபோனது. இரண்டும் ஒரே மாதிரி இல்லை.

முதலாவது 2020-21. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளை நவம்பர் 16இல் திறப்பதாக அரசு அறிவித்தது. நவம்பர் 9இல் பள்ளிகளில் பெற்றோரின் கருத்தைக் கேட்டது. கருத்து இரண்டுபட்டதும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே கரையைக் கடக்கும் என்று எச்சரித்தார்கள். டிசம்பர் 4இல் தென் மாவட்டங்களுக்கு அரசு விடுமுறையும் விட்டார்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கு ஒரு புயல் விடுமுறை! பொங்கலை ஒட்டித் தாமிரபரணியில் வெள்ளம். அது வடிந்த சூட்டோடு, 2021 ஜனவரி 19இல் பத்தும் பன்னிரண்டும் திறந்தன. வகுப்புக்கு 25 பேர், பெற்றோரின் ஒப்புதல் கடிதம், கையில் வைட்டமின், துத்தநாக மாத்திரை. உங்களுடையது நடுநிலைப் பள்ளி என்பதால் இதில் எதுவும் உங்கள் வாசலை எட்டவில்லை. ஒன்றிலிருந்து எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 வரை வகுப்பறை கிடையாது. பத்தொன்பது மாதங்களுக்கு மேல்.

கட்டுரையின் அடித்தளமே இந்தக் கணக்குதான். 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் 'அ', 'ஆ' எழுதிக்கொண்டிருந்த குழந்தை திரும்பி வந்தபோது மூன்றாம் வகுப்பு. 2020-21இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்ந்த குழந்தை, முதன்முதலாகப் பெஞ்சில் உட்கார்ந்ததே இரண்டாம் வகுப்பு மாணவனாக.

இரண்டாவது 2021-22. பள்ளி திறந்ததே கொட்டுகிற வடகிழக்குப் பருவமழையில். 'ஜன்னல், கதவு எல்லாம் திறந்தே இருக்கட்டும்' என்று நெறிமுறை சொன்னது. திறந்தால் சாரல் அடித்தது. அந்த நவம்பரில் உங்கள் பள்ளி எதைத் தேர்ந்தெடுத்தது என்று அப்போது இருந்த ஆசிரியர்களைக் கேளுங்கள். முகக்கவசம் நனைந்தால் என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். இப்படிப்பட்ட சில்லறைக் கேள்விகளில்தான் அன்றாட வாழ்க்கை பிடிபடும்.

டிசம்பர் 17இல் நெல்லை நகரில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. உங்கள் வளாகத்தில் அப்போது ஏதாவது இடிக்கப்பட்டதா, வகுப்பை வராந்தாவுக்கு மாற்றினார்களா என்று பாருங்கள். கொரோனாக் கட்டுரையில் இது எதற்கு என்று யாராவது கேட்பார்கள். அந்த மார்கழியில் பெற்றோருக்கு இருந்தது கிருமி பயம் மட்டுமில்லை என்று சொல்லுங்கள்.

புத்தாண்டோடு ஒமைக்ரான் வந்தது. ஒன்று முதல் எட்டு வரை மறுபடியும் நேரடி வகுப்பு நின்றது. 2022 பிப்ரவரி 1இல்தான் திரும்பத் திறந்தார்கள். ஆக, இரண்டு பருவங்களிலும் சேர்த்து உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வந்த மழைக்காலம் நவம்பர், டிசம்பர் என இரண்டே மாதம். அதிலும் மழை விடுமுறை போக மிச்சம்.

இனி, எங்கே தேடுவது?

வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டுச் சத்துணவுப் பதிவேட்டைத் திறவுங்கள். சமைத்துப் போட முடியாத அந்தக் காலத்தில் அரிசியும் பருப்பும் முட்டையும் உலர்பொருளாகக் கொடுத்தார்கள். வாங்கிப்போனவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருப்பார்கள். பூட்டிய பள்ளிக்கு யார் வந்தார்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் முதன்மையான எழுத்துச் சான்று அது. அப்பா வந்தாரா, ஆச்சி வந்தாளா, பிள்ளையே பையைத் தூக்கிக்கொண்டு வந்ததா என்பது சத்துணவு அமைப்பாளருக்குத் தெரியும். எந்த வீட்டிலிருந்து யாருமே வரவில்லை என்பது அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதோடு பாடநூல் வழங்கிய பட்டியலையும் சேர்க்கை, நீக்கல் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறியவர்கள் தமிழ்நாடு முழுக்க ஏராளம். உங்கள் பள்ளியில் அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் அப்படி வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பிறகு திரும்பிப் போனார்கள் என்று எண்ணலாம். பெயர் இருந்தும் திரும்பி வராத பிள்ளைகளையும் எண்ணுங்கள். மலர்க்குழு அந்த எண்ணை வேண்டாம் என்று சொல்லலாம்; விடாதீர்கள்.

அடுத்தது பழைய கைபேசிகள். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வீட்டுப்பாட நோட்டின் படங்களும் குரல் பதிவுகளும் தேதியோடு கிடக்கும். போனை மாற்றினால் போயிற்று. பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது பின்னணியில் ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்கும் ஒரு பதிவு கிடைத்தால், எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அது கட்டுரைக்கு உதவும்.

கல்வித் தொலைக்காட்சியைப் பற்றி எல்லோரும் ஒரு பத்தி எழுதுவார்கள். 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிய சேனல் அது, கொரோனாவுக்காக வந்ததில்லை. அதை எத்தனை வீட்டில் பார்த்தார்கள் என்று கேட்பதைவிட, எந்த நேரத்தில் யார் கையில் ரிமோட் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். போன் விஷயமும் அதேதான். வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது அப்பாவோடு கடலுக்குப் போனதா, அணுமின் நிலையத்து ஒப்பந்த வேலைக்குப் போனதா, வீட்டில் இருந்ததா? இருந்தது என்றால் அண்ணனுக்கா, தங்கைக்கா?

அணுமின் நிலையத்தைச் சொன்னதால் ஒன்று. உங்கள் ஊர்க் கட்டுரையில் அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. 2020 மே மாதத்தில் சொந்த ஊருக்கு அனுப்பச் சொல்லி வடமாநிலத் தொழிலாளர்கள் அங்கே போராடினார்கள். 2021 ஜூன் 29இல் ஐந்தாம் அலகுக்கு முதல் கான்கிரீட் போட்டார்கள். அந்த நாளில் உங்கள் பள்ளி பூட்டித்தான் இருந்தது. ஊரில் எது நிற்காமல் நடந்தது, எது நின்றது என்று காட்ட இந்த ஒரு தேதி போதும். விளக்கவுரை எழுத வேண்டியதில்லை.

'குளிர்காலச் செயல்பாடுகள்' என்று மலர்க்குழு தலைப்புக் கொடுத்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ராதாபுரம் வட்டாரத்தில் குளிர் என்று சொல்ல என்ன இருக்கிறது? விடியற்காலைப் பனியும், ஆண்டு முழுக்கக் காத்திருந்து பெய்கிற கொஞ்சம் மழையும்தான். ஆனால் பிள்ளைகளுக்கு வேலை இருந்தது. ஆவணி, புரட்டாசியில் பாத்தியில் புதைத்த பனங்கொட்டை மார்கழி, தையில் கிழங்காகும். அதைத் தோண்டி, கட்டுக் கட்டிப் பொங்கலுக்கு விற்பது வழக்கமாகப் பள்ளி விடுமுறையில் நடக்கும். 2020இல் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளில் எத்தனை பேர் அதில் முழுநாளும் நின்றார்கள்? அந்தக் காசு எதற்குப் போனது? மழை பெய்து புல் முளைத்ததும் ஆட்டை ஓட்டிப் போனது யார்? கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தினார்களா? இடிந்தகரை, பெருமணல் போன்ற கடற்கரை ஊர்களில் அந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டினார்களா, நட்சத்திரம் மட்டும் தொங்கியதா? இதையெல்லாம் அப்போது இங்கே படித்த உங்கள் பழைய மாணவர்களிடம் கேளுங்கள். பெரியவர்களைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

பிள்ளைகள் வெளியில்தான் இருந்தார்கள்; பள்ளியும் வெளியில் நடந்திருக்கலாம். நோய்க் காலத்தில் பள்ளியை வெளிக்காற்றில் நடத்துவது உலகுக்குப் புதிதில்லை. காசநோய் பரவிய நாளில், 1904இல் பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க்கில் பைன் காட்டுக்குள்ளேயே பள்ளி வைத்தார்கள். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1908 ஜனவரியில், உறைகிற குளிரில், ஜன்னல்களை விரியத் திறந்துபோட்டு வகுப்பு எடுத்தார்கள். பிள்ளைகள் கம்பளிப் பைக்குள் காலை நுழைத்து, சூடேற்றிய கல்லை அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நமக்குக் கம்பளியும் தேவையில்லை, கல்லும் தேவையில்லை. மழை இல்லாத மார்கழி முற்பகலில் வேப்பமரத்தடி போதும். அப்படியிருந்தும் 2020 மழைக்காலத்தில் சிறு பிள்ளைகளை மரத்தடியிலாவது கூட்டலாம் என்று அரசு முடிவெடுக்கவில்லை. என் பார்வையில் அது தவறு. பத்தாம் வகுப்பின் தேர்வைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு ஒன்றாம் வகுப்பின் எழுத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

விளைவு எண்ணில் தெரிகிறது. கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்புத் திறனை அளக்கும் ஏசர் (ASER) ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் நூற்றுக்கு 10.2 பேர், 2022இல் 4.8. ஐந்தாம் வகுப்பில் 40.7 பேராக இருந்தது 25.2 ஆனது. மூன்றாம் வகுப்பில் முன்னாடியே குறைவாக இருந்தது பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆண்டு மலர் என்றாலே 'சவால்களை வென்றோம்' என்று எழுதத் தோன்றும். இந்த எண்களை மேசையில் வைத்துக்கொண்டு எழுதினால் அப்படி எழுத வராது.

அதே சமயம், கை கொடுத்தவர்கள் இருந்தார்கள். 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. முதலில் சில மாவட்டங்கள், பிறகு எல்லா மாவட்டங்களும். மாலை ஐந்து முதல் ஏழு வரை, தன்னார்வலர் ஒருவருக்கு ஏறக்குறைய இருபது பிள்ளைகள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். திண்ணையில், மண்டபத்தில், கோயில் முற்றத்தில் நடந்த இரண்டாவது பள்ளி அது. உங்கள் ஊரில் முதல் மையம் எப்போது, எந்தத் தெருவில் தொடங்கியது என்று வட்டார வளமையத்தில் கேட்டால் தெரியும். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். சிலர் இன்னும் ஊரிலேயே இருப்பார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து மறந்துபோயிருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். கட்டுரையில் பாதி இடத்தை அவர்களுக்குக் கொடுங்கள். தலைமையாசிரியரின் வாழ்த்துரைக்கு மலரில் வேறு பக்கம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. படிப்பை விட்ட பிள்ளை, அந்தக் காலத்தில் தகப்பனையோ தாயையோ இழந்த பிள்ளை இவர்களின் பெயரையோ படத்தையோ போடாதீர்கள். சின்ன ஊரில் தெருப் பெயரைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் வேலையாகச் சத்துணவு அமைப்பாளரைப் பாருங்கள். ஓய்வுபெற்றுப் போயிருந்தால் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். பழைய பதிவேடுகளைக் கழிவுத்தாளில் போடும் முன், 2020 முதல் 2022 வரையுள்ளவற்றைத் தனியே எடுத்துவைக்கும்படி உங்கள் தலைமையாசிரியரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.