மிதிவண்டிச் சட்டத்தில் ஒரு வேதியியல் பாடம்

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் இயங்குகிறது. அந்தக் கடலின் உப்புக்காற்றுதான் எங்கள் மாணவர்களின் மிதிவண்டிகளையும் அரிக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கும் விலையில்லா மிதிவண்டியின் சட்டம் இரும்புக் குழாய். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஏறிவிடும். "அலுமினிய வண்டி என்றால் கெடாதா டீச்சர்?" என்ற கேள்வி அரிமானப் பாடத்தில் தவறாமல் வரும்.

அலுமினியத்தின் மேல் இயல்பாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைத்துக் குழிகளை உண்டாக்கும். எனவே அதற்கும் மேற்பூச்சு தேவை. அதில் ஒரு முறை பவுடர் கோட்டிங். துப்பாக்கி போன்ற கருவி தூளுக்கு மின்னூட்டம் தருகிறது. எர்த் செய்யப்பட்ட சட்டத்தில் தூள் ஒட்டிக்கொள்கிறது. பின்பு ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகி இறுகுகிறது. நிலைமின்னியல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

விடுமுறையில் பட்டறை வேலைக்குப் போகும் பிள்ளைகளும், வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுபவர்களும் நம் வகுப்பில் உண்டு. அதனால் நான்கு எச்சரிக்கைகளைக் கரும்பலகையில் எழுதிக் காரணத்தோடு விளக்குகிறேன்.

1. பழைய பெயின்ட்டை நீக்கக் காஸ்டிக் சோடா கூடாது. அது அலுமினியத்தையே கரைக்கும். தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

2. சூடு அளவு மீறக் கூடாது. 6061 போன்ற அலுமினியக் கலவைகள் வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்றவை. அதிகச் சூட்டில் அதிக நேரம் இருந்தால் அந்த வலிமை குறையும். பளபளக்கும் சட்டம் வலுவிழந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. பசையால் ஒட்டிய பாகங்களும் கார்பன் இழைப் பாகங்களும் உள்ள சட்டத்தை ஓவனில் வைக்கவே கூடாது.

3. காற்றில் மிதக்கும் தூள், மாவைப் போலவே, ஒரு பொறியில் வெடித்துத் தீப்பற்றலாம். சரியான எர்த், தூளை உறிஞ்சும் விசிறி, தூள் வடிகட்டும் முகக்கவசம் மூன்றும் கட்டாயம். கைக்குட்டை போதாது.

4. சமையலுக்குப் பயன்படும் ஓவனை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

வகுப்பறைச் செயல்பாடு: மூன்று இரும்பு ஆணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்ற இரண்டிலும் நகப்பூச்சு முழுதாகப் பூசி, காய்ந்தபின் ஒன்றில் மட்டும் கீறல் போடுங்கள். மூன்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் உப்புநீரில் இட்டு, இரண்டு வாரம் மாணவர்களே அட்டவணையில் குறிக்கட்டும். துரு எங்கே தொடங்குகிறது என்பதை அவர்களே சொல்வார்கள். அன்று மாலை தங்கள் வண்டியில் கீறல் இருக்கிறதா என்று தேடவும் தொடங்குவார்கள்.