கீழே போய் வந்தவர்கள் சொல்வதைக் கேள்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பூம்பாறை தொடங்கி மன்னவனூர் வரை நோய் ஆதரவு சிகிச்சை உன் பொறுப்பில் வந்திருப்பதில் எனக்குச் சந்தோஷம். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். முற்றிய புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் வீட்டார் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதை விடலாமா, கூடாதா? ஒரு வீட்டம்மா ஏதோ சொல்லப்போக, அடுத்த வீட்டில் கீமோவே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள் என்ற உன் அலுப்பும் புரிந்தது.

பேச்சைத் தடுக்க உன்னால் முடியாது, தடுக்கவும் வேண்டாம். மதுரைப் பெரியாஸ்பத்திரி கொடைக்கானலிலிருந்து சுமார் 120 கி.மீ. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்றால் ஓர் இரவுப் பயணம். அத்தனை தூரம் போகிறவர் முதலில் விசாரிப்பது டாக்டரை அல்ல, ஏற்கெனவே கீழே போய் வந்தவரைத்தான். எந்த வரிசையில் நிற்க வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு எந்தச் சீட்டு வேண்டும், இரவில் எங்கே படுப்பது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அதனால் உனக்கு ஒரே ஒரு விதி சொல்கிறேன். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, எப்படிச் சமாளித்தார்கள் என்பதைக் கொண்டுபோ. என்ன ஆயிற்று என்பதைக் கொண்டுபோகாதே. ஒருவருக்கு மார்பில் கட்டி, இரண்டாம் நிலை. இன்னொருவருக்கு நுரையீரலில் தொடங்கி ஈரல்வரை பரவியது. இருவரும் சொல்வது கேன்சர் என்றுதான். முதலாமவர் பிழைத்த கதை இரண்டாமவருக்குப் பொய் நம்பிக்கை. இரண்டாமவர் இறந்த கதை முதலாமவரை வைத்தியத்திலிருந்தே விரட்டிவிடும். வாய்ப்புண்ணும் வாந்தியும் தூக்கமில்லாத இரவும் அப்படியில்லை. அவை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

மலைக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைப் பார். கீமோ ஏற்றிய மறுநாளே வத்தலக்குண்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தால் குடலைப் புரட்டும். ஒருநாள் கீழே உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, பஸ் ஏறுவதற்கு அரைமணி முன்பு வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு, முன் இருக்கையில் உட்கார்ந்து வரும்படி அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். எந்த மருத்துவமனைச் சீட்டிலும் இது எழுதப்பட்டிருக்காது.

மூக்குக்குழாய் வழியே கணவருக்குக் கஞ்சி கொடுத்துப் பழகிய ஒரு பெண்ணின் கையைக் கவனித்துப் பார்த்திருக்கிறேன். கேப்பைக் கஞ்சியை இரண்டு தடவை துணியில் வடிகட்டுவாள், இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். தலைமாட்டில் மூட்டை வைத்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்த பிறகே ஊற்றுவாள். கடைசியில் ஆறிய வெந்நீரை ஊற்றிக் குழாயைக் கழுவுவாள். அரைமணி வரை படுக்கவிட மாட்டாள். புதிதாகக் குழாயோடு வந்திறங்கும் குடும்பத்துக்கு நீ ஒரு மணி நேரம் விளக்குவதைவிட, அவள் பத்து நிமிடம் செய்து காட்டுவது மேல். இரு வீட்டாரிடமும் தனித்தனியே சம்மதம் கேட்டுவிட்டு அவர்களைச் சேர்த்துவை. கேட்காமல் யார் பெயரையும் எடுக்காதே. இது சின்ன ஊர். யார் வீட்டில் என்ன நோய் என்பது மாலை பஸ்ஸுக்குள் பரவிவிடும்.

இந்தப் பேச்சில் ஆபத்தும் உண்டு. கீமோ முடிந்து ஒரு வாரம், இரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது உடம்பு நடுங்கினால், "மலைக்குளிர்தான், எங்க வீட்டுலயும் அப்படித்தான் வந்துச்சு" என்று கம்பளியைப் போர்த்திச் சுக்குக்காபி கொடுப்பார்கள். வெப்பமானி 100.4 டிகிரி காட்டினால் அது அவசரநிலை. மாத்திரை போட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அந்நேரமே ஆஸ்பத்திரி. வலிக்கு ஃபென்டனில் பட்டை ஒட்டியவர் அடுப்படியில் குளிர்காய்ந்தாலும், வெந்நீர்ப் பையைப் பட்டைமேல் வைத்தாலும் மருந்து அளவுக்கு மீறி உடம்பில் இறங்கும். இந்த இரண்டையும் ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாளே சொல்லிவிடு.

முள்சீத்தாப் பழம், யாரோ கொடுத்த பொடி என்று எதுவும் உன் கண்ணில் படலாம். திட்டாதே. திட்டினால் அடுத்தமுறை ஒளித்துவைப்பார்கள். என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு, எப்போதிலிருந்து என்று குறித்து, புற்றுநோய் மருத்துவரிடம் காட்டு. கீமோவோடு ஒத்துப்போகாதவை அதில் இருக்கக்கூடும்.

நீ வாசலில் வந்து நிற்பதையே சிலர் டாக்டர்கள் கைவிரித்துவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். வலிக்கான மார்பின் மாத்திரையைக் கண்டால் "இது கடைசி மாத்திரையா சிஸ்டர்?" என்பார்கள். அது அப்படியல்ல. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் இடைநிலைக் கணக்கில் 8.9 மாதமும், அதோடு தொடக்கத்திலேயே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள் 11.6 மாதமும் உயிரோடு இருந்தார்கள். அந்த எண்களை வீட்டில் ஒப்பிக்க வேண்டாம். உன் தைரியத்துக்கு வைத்துக்கொள். வீட்டில், மார்பின் போட்டுக்கொண்டே திண்ணையில் மலைப்பூண்டு உரித்தவரைப் பற்றிச் சொல். மலச்சிக்கல் வரும், அதற்கும் முதல் நாளிலிருந்தே மருந்து உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்.

அடுத்து, "அப்பாகிட்ட சொல்லிராதீங்க" என்று உன்னை வாசலிலேயே மடக்கும் மகன்கள். அவர்களோடு சண்டை போடாதே, வாக்கும் கொடுக்காதே. "அவராகக் கேட்காததை நான் சொல்ல மாட்டேன். கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிடு. பிறகு அப்பாவிடம், "உங்க உடம்புக்கு என்னன்னு சொல்லியிருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். மகன் தாங்க மாட்டானே என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார்.

பட்டவர்கள் வாய்திறந்ததால்தான் நம் நாட்டில் பலதும் நடந்திருக்கிறது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடி, 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டபோது, எதிர்த்து நின்றவர்களில் மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஒன்று. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்தின் இந்தியத் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள் தொடர்ந்து கிடைக்க அது வழிவிட்டது.

பளியர் குடியிருப்புகளுக்குப் போகும்போது மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்கு. முன்பு போய் வந்தவர் என்று விசாரிக்க அங்கே ஒருவரும் இல்லாமல் இருக்கலாம். மற்ற வீடுகளில் நீ சேர்த்துவைத்த அனுபவம் அங்கேதான் அதிகம் பயன்படும். கூடவே ஒருமுறை மதுரைவரை துணைக்குப் போக ஆளைப் பிடித்துக் கொடு.

அடுத்த வீட்டுக்குள் நுழைந்ததும் மருந்துப் பையைத் திறக்காதே. "யார் யாரிடம் விசாரித்தீர்கள், என்ன சொன்னார்கள்?" என்று முதலில் கேள். எதற்குப் பயப்படுகிறார்கள், எதை நம்பியிருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். கீமோ வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்களே, அந்த வீட்டிலும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கு. அவர்கள் கேட்டது யாருடைய கதை, அது எந்தப் புற்றுநோய், எந்த நிலை என்று பிரித்துக் காட்டு. பிறகும் வேண்டாம் என்றால் அது அவர்கள் தெரிந்து எடுத்த முடிவு. அதற்குப் பிறகும் நீ அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா